ஷெங்கன் பாலத்துக் காவலை அகற்றுங்கள்: ஐரோப்பிய உள்துறை அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஷெங்கன் உடன்படிக்கையில் இணைந்த நாடுகளின் உள்துறை அமைச்சர்களுக்கு,

அந்த உடன்படிக்கை நாடுகளுக்கிடையே நீக்கியிருந்த உள் எல்லைச் சோதனைகள் இன்னும் ஆறு மாதங்களுக்கு நீட்டிக்கப்படுகின்றன என்ற அறிவிப்பு மறுபடியும் வந்திருக்கிறது. 2024 செப்டெம்பர் 16ஆம் திகதி ஜேர்மனி தன் தரை எல்லைகள் அனைத்திலும் சோதனையை விரித்தபோது, இது தற்காலிக ஏற்பாடு என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. பிரான்ஸ் 2015 நவம்பரில் இதே சொல்லோடுதான் தொடங்கியது. ஜேர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் இடையே அதே ஆண்டு செப்டெம்பரில் தொடங்கிய தற்காலிகமும் இன்னும் முடியவில்லை. அன்று பிறந்த பிள்ளைகள் இன்று நான்காம் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறார்கள். இனியும் பேசாமல் இருந்தால் நீங்கள் செய்வதை நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் மோசல் ஆற்றின் ஜேர்மன் கரையில், பெர்ல் என்ற ஊருக்கு அருகே வசிக்கிறேன். எதிர்க்கரையில் இருப்பது, அந்த உடன்படிக்கைக்குப் பெயர் தந்த லக்சம்பேர்க் ஊரான ஷெங்கன். சற்றுத் தெற்கே நடந்தால் பிரான்ஸ். மாலையில் பாலத்தைக் கடந்து லக்சம்பேர்க்கில் உள்ள ஒரு வெதுப்பகத்தில் இரவு வேலைக்குப் போகிறேன். விடிவதற்கு முன் அதே பாலத்தால் வீடு திரும்புகிறேன். என்னைப் போல பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தச் சிறிய நாட்டுக்கு வேலைக்காக எல்லை கடந்து போய் வருகிறார்கள். அவர்கள் ஒரு நாள் வராவிட்டால் லக்சம்பேர்க்கின் வைத்தியசாலைகளும் கட்டட வேலைத்தளங்களும் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு விடிகாலை, எனக்கு முன்னே போன காரில் என்னோடு வேலை செய்யும் ஜேர்மன்காரர் இருந்தார். பாலத்தின் இந்தப் பக்கம் நின்ற சீருடையாளர்கள் அவரைக் கையசைத்துப் போகவிட்டார்கள். என்னை ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். கடவுச்சீட்டைக் கொடுத்தேன், அது ஜேர்மன் கடவுச்சீட்டு. பக்கத்து இருக்கையில் இருந்த பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே, வீட்டுக்கென்று எடுத்துவந்த பாண், இன்னும் சூடு ஆறாமல் இருந்தது. மின்விளக்கை அதற்குள் அடித்துப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே, போகலாம் என்றார்கள். அவர்களில் எவரும் என்னிடம் கடுமையாகப் பேசியதில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அன்றிலிருந்து திகதியையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வருகிறேன். எங்கள் வெதுப்பகத்திலிருந்து இந்தக் கரைக்குத் திரும்புகிற ஐந்து பேரில், நிறுத்தப்படுபவன் ஒவ்வொரு தடவையும் நானாகவே இருக்கிறேன். தோலின் நிறத்தைப் பார்த்து ஒருவரை நிறுத்திச் சோதிப்பது சமத்துவ உரிமையை மீறும் செயல் என்பதை 2012இலேயே, இதே மோசல் ஆறு போய்ச் சேரும் கோப்லென்ஸ் நகரின் உயர் நிர்வாக நீதிமன்றம், ரயிலில் நடந்த ஒரு சோதனை தொடர்பான வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது.

எல்லை என்றால் என்ன என்று நான் ஷெங்கனில் படித்தவனல்ல. 1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அக்காலத்தில் எங்கள் இலங்கைத் தமிழரில் பலர் வந்த வழியிலேயே நானும் வந்தேன்: கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசே நிலையத்தில் ரயில் பிடித்து, மேற்கு பெர்லினில் அகதியாகப் பதிந்தேன். பிறகு சார்லாந்து மாநிலத்துக்கு அனுப்பினார்கள். எனக்குக் குறித்துத் தந்த மாவட்டத்தை விட்டு அனுமதிக் கடிதம் இல்லாமல் வெளியே போவது சட்டமீறல். பக்கத்து மாவட்டத்தில் இருந்த ஒன்றுவிட்ட அண்ணனைப் பார்க்க நான் விண்ணப்பம் எழுதிக் காத்திருந்த அதே கோடையில், ஜூன் 14ஆம் திகதி, ஷெங்கன் கரையில் நின்ற பிரின்செஸ் மாரி-அஸ்ட்ரிட் என்ற உல்லாசப் படகில் ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, எங்களுக்கிடையே எல்லைச் சோதனையைப் படிப்படியாக நீக்குவோம் என்று கையெழுத்திட்டார்கள். அந்தச் செய்தி என் காதில் விழவில்லை. உண்மையில் அன்று அதைப் பெரிதாக எவரும் எடுத்துக்கொள்ளவும் இல்லை. பிரதமர்கள் வரவில்லை, இராஜாங்கச் செயலாளர் தரத்தில் இருந்தவர்களைத்தான் அனுப்பியிருந்தார்கள்.

உங்கள் அறிவிப்புகளை நான் வரிவிடாமல் வாசிக்கிறேன். அவற்றின் அடியில் ஒரே எண்ணம் ஓடுகிறது: நாடுகள் ஒன்றையொன்று நம்பியதால் எல்லையைத் திறந்தன, இப்போது நம்பிக்கை குறைந்துவிட்டது, ஆகவே அது திரும்பி வரும்வரை கொஞ்சம் மூடிவைப்போம் என்பதே அது. நான் நாற்பது ஆண்டுகளாக வாழும் இந்த மண்ணின் வரலாறு இதற்கு நேர் எதிரானது. இங்கே நம்பிக்கை இல்லாத காலத்தில்தான் தடைகளை எடுத்தார்கள். தடைகளை எடுத்த பிறகே நம்பிக்கை வளர்ந்தது.

முன்பு என்னோடு ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த, பிரான்சின் லொரேன் பகுதியைச் சேர்ந்த ஒருவர் தன் பாட்டியைப் பற்றிச் சொல்வார். அந்தப் பாட்டி பிறந்தபோது ஜேர்மன் பிரஜை. 1918க்குப் பிறகு பிரெஞ்சுப் பிரஜை. 1940இல் மறுபடி ஜேர்மன். 1944இல் மறுபடி பிரெஞ்சு. வீடு ஒன்றே, அடுப்பும் ஒன்றே. ஐரோப்பிய ஒன்றியத்தின் கருவை முன்வைத்த ரொபேர் ஷூமானும் இப்படிப்பட்ட ஒருவர்தான். 1871இல் லொரேன் பகுதி ஜேர்மனியோடு இணைக்கப்பட்டதால் ஜேர்மன் பிரஜையாக்கப்பட்ட தந்தைக்கு 1886இல் லக்சம்பேர்க்கில் மகனாகப் பிறந்து, ஜேர்மன் பல்கலைக்கழகங்களில் சட்டம் படித்து, மெட்ஸ் நகரில் வழக்கறிஞரானவர். 1919இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். 1940இல் நாசிகளின் இரகசியப் பொலிஸான கெஸ்டாப்போ அவரைக் கைது செய்தது, 1942இல் தப்பினார். அவரோடு நின்ற இத்தாலியப் பிரதமர் டி காஸ்பெரி, ஆஸ்திரியப் பேரரசின் குடிமகனாகப் பிறந்து வியன்னா நாடாளுமன்றத்தில் இருந்தவர். எல்லைக்கோடு தங்கள் தலைக்கு மேலால் இங்கும் அங்கும் நகர்ந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். தலைநகரத்தில் இருந்து வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அந்த அறிவு எளிதில் வராது.

1950 மே 9ஆம் திகதி, பிரான்சின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஷூமான், தம் நாட்டின் நிலக்கரியையும் உருக்கையும் ஜேர்மனியினுடையவற்றோடு சேர்த்து ஒரு பொது அதிகாரபீடத்தின் கீழ் வைக்கலாம் என்று அறிவித்தார். வரைவை எழுதியவர்கள் பிரெஞ்சுத் திட்டமிடல் தலைவர் ஜான் மொனேயும் அவரது சகாக்களும். போரை நினைத்தே பார்க்க முடியாததாக மட்டுமல்ல, பொருளளவில் நடத்தவே இயலாததாகவும் ஆக்குவது நோக்கம் என்று அந்த அறிக்கை சொல்கிறது. ஐரோப்பா ஒரே நாளில், ஒரே திட்டத்தால் உருவாகாது, கைக்கெட்டும் செயல்களால்தான் உருவாகும், அச்செயல்களே முதலில் நடைமுறையில் ஓர் ஒற்றுமையைப் பிறப்பிக்கும் என்றும் சொல்கிறது. முதலில் செயல், அதிலிருந்து ஒற்றுமை என்ற அந்த வரிசையைத்தான் நீங்கள் தலைகீழாக வாசிக்கிறீர்கள்.

அந்த முன்மொழிவின் பின்னால் தூய அன்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. லொரேனில் இரும்புத்தாது உண்டு. அதை உருக்கத் தேவையான தரமான நிலக்கரி ஜேர்மனியின் ரூர் பகுதியில் உண்டு. ரூர் நிலக்கரி தன் கைக்கு வராமல் போய்விடும் என்ற அச்சம் பாரிசுக்கு இருந்தது; தன் நாட்டின் இறைமையை மீட்க வழி தேடிய மேற்கு ஜேர்மன் அரசுத் தலைவர் அடெனவருக்கு இந்த அழைப்பு ஒரு கதவு. ஆறு நாடுகள் 1951 ஏப்ரல் 18ஆம் திகதி பாரிசில் கையெழுத்திட்டு, 1952 ஜூலையில் தொடங்கிய நிலக்கரி உருக்குச் சமூகம், நலன்களைக் கணக்குப் பார்த்தவர்களின் வேலை. அதனாலேயே அது நின்று பிடித்தது என்று நினைக்கிறேன்.

அன்று நம்பிக்கை எவ்வளவு இருந்தது என்பதற்கு ஒரே மாதத்தைச் சொல்கிறேன். 1953 பெப்ரவரி 10ஆம் திகதி ஆறு நாடுகளுக்கும் பொதுவான நிலக்கரிச் சந்தை திறந்தது. அதே பெப்ரவரியில் போர்தோ நகரின் இராணுவ நீதிமன்றத்தில், பிரான்சின் ஒராதூர் கிராமத்தில் 600க்கும் மேற்பட்டோரை 1944 ஜூனில் கொன்ற ஜேர்மன் படையணியைச் சேர்ந்தவர்களின் வழக்கு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டோரில் பெரும்பாலானோர் பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்தவர்கள் என்பதால், தீர்ப்பு பிரான்சுக்குள்ளேயே ஊருக்கும் ஊருக்கும் பகையை மூட்டியது. அந்த ஆறாப் புண்ணுக்கு நடுவே, நிலக்கரி வண்டிகள் எல்லையில் சுங்கவரி இல்லாமல் ஓடத் தொடங்கின. பயணம் எல்லையில் முடிந்து மறுபடி தொடங்குவதுபோலக் கணக்கிட்டு ஒரே சரக்குக்கு இரண்டு கட்டணம் வாங்கிய ரயில்வே நடைமுறையும் அடுத்த சில ஆண்டுகளில் நீக்கப்பட்டது. 1954 ஓகஸ்டில் பொதுப் படை அமைக்கும் திட்டத்தை பிரெஞ்சு நாடாளுமன்றமே கைவிட்டது. துப்பாக்கியைப் பகிர அவர்களுக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனால் நிலக்கரி ஓடிக்கொண்டே இருந்தது. பொதுச் சந்தையைப் பற்றிப் பேச அடுத்த ஆண்டு மெசினாவிலும், அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட 1957 மார்ச்சில் ரோமிலும் அவர்களால் மீண்டும் ஒரே மேசையில் அமர முடிந்தது.

இதில் நான் வாழும் சார்லாந்தின் பங்கை நீங்கள் மறந்துவிட்டீர்களோ என்று ஐயமாக இருக்கிறது. போருக்குப் பின் பிரான்ஸ் இந்தப் பகுதியை ஜேர்மனியிலிருந்து பிரித்துத் தன் பொருளாதாரத்தோடு கட்டிவைத்தது. இங்கே பிராங்க் நாணயம் புழங்கியது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சார்லாந்து தனி அணியாகப் போனது. 1955 அக்டோபர் 23ஆம் திகதி, இதை ஐரோப்பியப் பொறுப்பில் தனிப் பிரதேசமாக வைக்கலாமா என்று மக்களிடம் கேட்டபோது, 67.7 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். ஐரோப்பா என்ற நல்ல பெயரைச் சூட்டிவிட்டால் எதையும் மக்கள் விழுங்குவார்கள் என்ற கணிப்பு அன்று பொய்த்தது. அதைவிடப் பெரிய செய்தி, பத்தாண்டுகளுக்கு முன் போரில் நின்ற பிரான்ஸ் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. 1957 ஜனவரி 1ஆம் திகதி சார்லாந்து, ஒரு தோட்டாவும் வெடிக்காமல், ஜேர்மனியின் மாநிலமானது. எல்லைக்கோட்டுக்காகத் தலைமுறைக்கு ஒருமுறை இரத்தம் சிந்திய நிலத்தில் இது நடந்தது. வாக்குச்சீட்டு கேட்ட எங்கள் நாட்டவனுக்கு என்ன நடந்தது என்று பார்த்து வந்த எனக்கு, இதைப் படித்த நாளில் நெடுநேரம் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

சார்லாந்தை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக பிரான்ஸ் கேட்டவற்றில் ஒன்று இந்த மோசல் ஆறு. லொரேன் உருக்காலைகளின் சரக்கு ரைன் நதிக்குப் போய்ச் சேர, இந்த ஆற்றைப் பெரிய படகுகள் ஓடக்கூடிய கால்வாயாக்க வேண்டும் என்றது. சார்லாந்து ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1956 அக்டோபர் 27ஆம் திகதி, அதே லக்சம்பேர்க்கில், மோசல் ஒப்பந்தமும் கையெழுத்தானது. 1964 மே மாதத்தில் பிரெஞ்சு ஜனாதிபதி டி கோல், ஜேர்மன் ஜனாதிபதி லுப்கே, லக்சம்பேர்க்கின் பெருங்கோமகள் சார்லட் ஆகிய மூவரும் வந்து அந்த நீர்வழியைத் திறந்துவைத்தார்கள். 1985இல் ஷெங்கனில் கையெழுத்து நடந்த படகு மிதந்தது அந்த நீரில்தான். இன்னொன்றும் உண்டு: எல்லையாக ஓடும் இடத்தில் இந்த ஆறு 1816இலிருந்தே இரு கரைக்கும் பொதுவான ஆட்சிப்பரப்பு. தண்ணீரின் நடுவே கோடு எதுவும் கிடையாது. மன்னர்கள் காலத்திலேயே போடாத கோட்டை நீங்கள் பாலத்தின் முனையில் கூம்புகள் வைத்துப் போட்டிருக்கிறீர்கள்.

ஷெங்கனுக்கான உடனடித் தூண்டுதலும் மேலிருந்து வரவில்லை. 1984 பெப்ரவரியில், சுங்க அதிகாரிகளின் வேலைநிறுத்தத்தால் நாட்கணக்கில் எல்லையில் கிடந்த லொறிச் சாரதிகள் அல்ப்ஸ் பாதைகளை மறித்தார்கள். அதன் பிறகுதான் பிரெஞ்சு ஜனாதிபதி மித்தரானும் ஜேர்மன் அரசுத் தலைவர் கோலும் விழித்துக்கொண்டு, அந்த ஆண்டு ஜூலை 13ஆம் திகதி சார்புரூக்கனில் இரு நாட்டு உடன்பாட்டைக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு ஷெங்கன் வாசகத்தில் ஒரு சிறிய ஏற்பாடு இருந்தது: சட்டப்படி பயணிக்கிறேன் என்று சொல்பவர் காரின் முன் கண்ணாடியில் எட்டுச் சென்ரிமீட்டர் பச்சை வட்டம் ஒன்றை ஒட்டிக்கொண்டால், அதிகாரி காரை நிறுத்தாமல் கண்ணால் பார்த்து விட்டுவிடலாம். குடிமகனின் சொல்லை முதலில் நம்பு, ஐயம் இருந்தால் பிறகு கேள் என்பதுதான் அந்த வட்டத்தின் பொருள். இன்று என் காரில் அதை ஒட்டினாலும் பயன் இருக்காது. அவர்கள் பார்ப்பது கண்ணாடியை அல்ல, அதற்குப் பின்னால் இருப்பவரை.

இந்த வரலாற்றில் இருட்டு இல்லை என்று நான் நடிக்கமாட்டேன். 1946இல் இத்தாலி நிலக்கரிக்கு ஈடாக 50,000 தொழிலாளரை பெல்ஜியச் சுரங்கங்களுக்கு அனுப்ப ஒப்புக்கொண்டது. 1956 ஓகஸ்ட் 8ஆம் திகதி மார்சினெல் சுரங்கத் தீயில் இறந்த 262 பேரில் 136 பேர் அந்த இத்தாலியர்கள். சுரங்கப் பாதுகாப்புக்கான பொது அமைப்பு அதன் பிறகே உருவானது. எல்லை கடக்கும் உழைப்பாளி இல்லாமல் இந்த ஒன்றியம் எழும்பவில்லை என்பதும், அவனைக் கடைசியில் நினைப்பது இதன் பழைய வழக்கம் என்பதும் எனக்குத் தெரியும்.

பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆட்கடத்தல் நடக்கிறது, மனிதர்கள் லொறிகளுக்குள் மூச்சுத் திணறிச் சாகிறார்கள். அந்த வழிகளை எங்கள் ஆட்கள் தங்கள் உடம்பால் அறிந்தவர்கள். ஆனால் எந்தப் பாலத்தில் காவல் நிற்கிறது என்ற செய்தி கடத்தல்காரனின் கைத்தொலைபேசிக்கு என்னைவிட முன்பே போய்விடுகிறது. அவன் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் வேறு வீதியை எடுக்கிறான். வரிசையில் நிற்பது தாதியும் பேருந்துச் சாரதியும் நானும். ஷெங்கனை உருவாக்கியவர்கள் இதை யோசிக்காமல் விடவில்லை. சோதனையை எடுப்பதற்கு ஈடாகத்தான் பொதுத் தகவல் வலையமைப்பையும், எல்லை தாண்டித் துரத்திச் செல்லும் உரிமையையும் 1990ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் எழுதினார்கள். நான்கு நாடுகளின் பொலிஸாரும் சுங்கத்தினரும் ஒன்றாக அமரும் கூட்டு நிலையம் லக்சம்பேர்க்கில் 2003இலிருந்து இயங்குகிறது.

சட்டத்தையும் நீங்கள் நடத்தும் விதம் கவலை தருகிறது. 2022 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம், ஒரே அச்சுறுத்தலைக் காட்டி ஆறு மாதங்களுக்கு மேல் சோதனையை நீட்டிக்க முடியாது, புதிய அச்சுறுத்தல் இருக்க வேண்டும் என்று ஆஸ்திரியா தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. 2024இல் விதியையே திருத்தி, இரண்டு ஆண்டுகள் வரையும், அசாதாரண நிலையில் மூன்று ஆண்டுகள் வரையும் போகலாம் என்று ஆக்கினீர்கள். நீதிபதி அளவுகோலைக் காட்டியதும் அளவுகோலை நீட்டிவிட்டீர்கள்.

தடை வந்தால் மனம் எவ்வளவு விரைவில் மாறும் என்பதை 2020 மார்ச்சில் கண்ணால் பார்த்தேன். 16ஆம் திகதி எல்லை மூடப்பட்டது. சிறிய பாலங்களில் தடுப்புகள் எழுந்தன. இரண்டு கிழமைகூட ஆகியிருக்காது, பல்பொருள் அங்காடி ஒன்றின் வாகனத் தரிப்பிடத்தில், பிரெஞ்சு இலக்கத்தகடு உள்ள காரிலிருந்து இறங்கிய பெண்ணைப் பார்த்து, உன் ஊருக்குப் போ என்று ஒருவர் கத்தினார். அவள் இங்குள்ள வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்யும் தாதி. அதே கிழமைகளில் சார்லாந்து வைத்தியசாலைகள் லொரேன் நோயாளிகளை ஏற்றுக்கொண்டும் இருந்தன. எழுபது ஆண்டுகளில் கட்டியது உடைய பதினைந்து நாள் போதுமாக இருந்தது. அதை ஒட்டவைத்தது மே மாதத்தில் தடுப்புகள் எடுக்கப்பட்டதுதான்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. மோசல், சார் எல்லைகளில் நடக்கும் இந்த நிரந்தரச் சோதனையை, இப்போது ஓடும் காலக்கெடு முடியும் நாளில் நீட்டிக்காமல் நிறுத்துங்கள். நிறுத்த முடியாது என்று கருதினால், சென்ற நீட்டிப்பில் சுட்டிய அச்சுறுத்தலிலிருந்து இப்போதைய அச்சுறுத்தல் எப்படி வேறுபடுகிறது என்பதையும், ஒவ்வொரு கடவையிலும் எத்தனை பேர் நிறுத்தப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேரிடம் குற்றம் கண்டீர்கள் என்பதையும் நீட்டிப்புக்கு முன்பே பொதுவில் வெளியிடுங்கள். எல்லையோர நகரசபைகளையும் தொழிற்சங்கங்களையும் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். பாலத்தின் வலியை அறிந்தவர்கள் அவர்கள். நிறுத்திச் சோதிக்கப்படும் ஒவ்வொருவருக்கும், எதற்காக நிறுத்தினோம் என்று எழுதி, திகதியும் நேரமும் இட்ட துண்டு ஒன்றைக் கொடுக்கும்படி கட்டளையிடுங்கள். தோலின் நிறத்தைக் காரணமாக எழுத எவருக்கும் கை வராது. அங்கே நிற்கும் சீருடையாளர்களை லக்சம்பேர்க் கூட்டு நிலையத்தின் விசாரணைப் பணிகளுக்கும், இரு நாட்டவரும் சேர்ந்து செல்லும் ரோந்துக்கும் மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. அடுத்த நீட்டிப்பில் கையெழுத்திடுவதற்கு முன், உங்களில் ஒருவராவது விடிகாலை நாலரை மணிக்கு ஷெங்கன் கரைக்கு வந்து, என் காரில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, பாலத்தைக் கடந்து பாருங்கள். பாண் பையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மோசல் கரையிலிருந்து,
ஒரு வெதுப்பகத் தொழிலாளி